மிசூரி எண்ணி முடிப்பதற்குள் ஒரு காதுகுத்து

விசா வாங்கிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போவது எப்படி இருக்கும் என்று 2008 ஐப்பசியில்தான் தெரிந்துகொண்டேன். அந்த வருஷ ஆரம்பத்தில் நான் அமெரிக்கக் குடிமகனாகியிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, கல்யாணச் சமையலில் எடுபிடியாகச் சேர்ந்து, கரண்டி பிடித்தே மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தவன் நான். அங்கே ஓர் இந்திய ஓட்டலில் சமையல்.

சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். முத்திரை குத்துகிற அதிகாரி பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, "கடலூரா? எத்தன நாள் இருப்பீங்க?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஒரு வாரம் என்றால் சந்தேகப்படுவாரோ, ஒரு மாதம் என்று சொல்லிவிட்டு முன்னதாகக் கிளம்பினால் பிடித்துக்கொள்வார்களோ என்றெல்லாம் மனசு ஓடியது. கடைசியில் உள்ளதைச் சொன்னேன். தீபாவளி, தங்கை மகளுக்குக் காதுகுத்து, சனிக்கிழமை புறப்பாடு. ஏன் இத்தனை அவசரம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கே ஜனாதிபதி தேர்தல். எனக்கு அதுதான் முதல் வோட்டு.

அமெரிக்காவில் முதல் என்றில்லை, ஆயுசிலேயே முதல். ஊரில் இருந்த காலத்தில் தேர்தல் வந்தபோதெல்லாம் நான் எங்காவது வெளியூர் மண்டபத்தில் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். நாற்பது தாண்டியும் விரலில் மை வைத்துக்கொண்டதில்லை.

கடலூர் பஸ் புதுச்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் பஞ்சரானது. எல்லோரும் இறங்கி இளநீர்க்காரரோ டீக்கடையோ கிடைக்குமா என்று பார்த்தார்கள். நான் மட்டும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகிற பஸ்தான் பஞ்சர், திரும்புகிற விமானம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டோரத்தி இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

டோரத்தி எங்கள் ஓட்டலில் கல்லாவில் உட்காருகிறவள். கறுப்பினப் பெண், என் வயதுதான் இருக்கும், செயின்ட் லூயிஸிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் பயந்தாங்கொள்ளி என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். குடியுரிமைப் பரீட்சைக்கு நான் போன அன்றைக்கு, பாஸாகிவிட்டேன் என்று சொன்னபோது, "பேனாவைத் திருப்பிக் கொடுத்தாயா, இல்லை அதற்கும் கைது செய்வார்கள் என்று ஓடி வந்துவிட்டாயா?" என்று கேட்டவள்.

மிசூரியின் பெருமையை அவள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். 1904 தொடங்கி அந்த மாநிலம் யாருக்கு வோட்டுப் போடுகிறதோ அவர்தான் நாட்டுக்கே ஜனாதிபதி. அவர்கள் முந்திக்கொண்டு சொல்வதில்லை, எல்லோருடனும் அதே நாளில்தான் போடுகிறார்கள். ஆனாலும் எண்ணிப் பார்த்தால் மிசூரி எந்தப் பக்கமோ நாடும் அந்தப் பக்கம். இடையில் ஒரே ஒரு தடவை, 1956இல், தோற்றவருக்குப் போட்டுவிட்டார்கள். அவர் பக்கத்து மாநிலத்துக்காரர், அந்தப் பாசம்தான் என்பது டோரத்தியின் கணக்கு. அதற்கும் முன்னால், 1948இல், மிசூரிக்காரரே ஒருவர் நின்றார். அவர் தோற்றுவிட்டார் என்று ஒரு பேப்பரில் தலைப்பு போட்டு அச்சடித்தே விட்டார்கள். ஆனால் அவர் ஜெயித்துவிட்டார். அந்தப் பேப்பரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து அவர் சிரிக்கிற படம் ரொம்பப் பிரசித்தம். அது எடுத்தது எங்கள் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில். டோரத்தி இதைச் சொல்லும்போது, அந்தப் படத்தை அவளே எடுத்தது மாதிரி இருக்கும்.

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் கடலூர்ப் பக்கத்தில் வாக்காளர்களில் பாதிப்பேர் இப்படித்தானே. யார் நல்லவர் என்று பார்ப்பதைவிட, யார் வரப்போகிறார் என்று விசாரித்து அவருக்குப் போடுவார்கள். தோற்கிறவருக்குப் போட்டால் வோட்டு வீணாய்ப் போச்சு என்பார்கள். மிசூரி முழுக்க நம்ம ஊர்க்காரர்கள்தான் போலிருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "விசாரித்துப் போடுவது வேறு. எங்கள் மாநிலம் நாட்டின் நடுவில் இருக்கிறது. எல்லா மாதிரி ஆளும் இங்கே கொஞ்சம் கொஞ்சம். நாட்டின் மனசில் என்ன இருக்கிறதோ அது எங்களிடமும் இருக்கும்" என்றாள்.

அந்த வருஷம்தான் முதல்முதலாக ஒரு பெரிய கட்சியின் சார்பில் ஒரு கறுப்பினத்தவர் ஜனாதிபதி பதவிக்கு நின்றார். ஜெயித்துவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். மிசூரியில் மட்டும் இழுபறி. ஒருநாள் கல்லா மூடிய பிறகு டோரத்தி விளையாட்டுப் பேச்சு எதுவும் இல்லாமல் என்னிடம் சொன்னாள்: "நாடே அவரை எடுத்துக்கொண்டு, என் மாநிலம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நான் தெருவில் யார் முகத்தைப் பார்த்து நடப்பது? பால் வாங்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் மனசில் என்ன இருந்தது என்று தெரிந்துபோகுமே." பிறகு என்னைத் தன் காரில் கூட்டிப்போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டாள். வருவேன், போடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஊருக்குப் போகிறேன் என்றதும், போவதற்கு முன்பே போட்டுவிட்டுப் போ என்றாள். அதற்கு அங்கே வழி இருக்கிறது. ஆனால் தேர்தல் நாளில் செயின்ட் லூயிஸில் இருக்கமாட்டேன் என்று காரணம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் சனிக்கிழமையே கிளம்பி வந்துவிடுவேனே. செவ்வாய்க்கிழமை அங்கேயே இருந்துகொண்டு இருக்கமாட்டேன் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது? புதுக் குடிமகன் முதல் காரியமாகப் பொய் சொன்னான் என்று குடியுரிமையைப் பிடுங்கிக்கொண்டால்? டோரத்தி தலையில் அடித்துக்கொண்டாள். நான் போடவில்லை.

*

கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் ரயில் இல்லை. அகலப்பாதைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். பிளாட்பாரத்தில் ஆடு படுத்திருந்தது. நிலையத்துக்குப் பின்தெருவில்தான் என் தங்கை கலாவின் வீடு. அவள் புருஷன் சேகர் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறார். எங்களுக்குள் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தது பாப்பா. மூன்று வயது முடிந்துவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடியிறக்கிக் காது குத்த வேண்டும். கலாவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். எனக்கு இரண்டு தடவை லீவு கிடைக்காமல் போய், அந்தக் குழந்தையின் முடி இடுப்பு வரைக்கும் வளர்ந்து சடை போட்டுக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. "ஒங்க மாமன்டி, அமெரிக்கா மாமன்" என்று கலா இழுத்தாள். பாப்பா பீரோவை விடவில்லை.

செயின்ட் லூயிஸில் காது குத்துவது கடைத்தெருவில் ஒரு நாற்காலியில் முடிந்துவிடும். ஒரு பெண் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அழுத்துவாள், குழந்தை அழுவதற்குள் அடுத்த காதும் முடிந்திருக்கும். மடி, மாமன், கிடா, எதுவும் இல்லை. இதைச் சொன்னதற்குக் கலா, "அங்கல்லாம் தாய்மாமனே கெடையாது போல" என்று வருத்தப்பட்டாள்.

தீபாவளியன்று அதிரசம் நான் போட்டேன். அடுப்பு நம்முடையது, பாகு பதம் கைவிடவில்லை. மறுநாள் சேகர் துறைமுகத்துப் பக்கம் போய் வஞ்சிரம் வாங்கிவந்தார். பழக்கதோஷத்தில் காரத்தைக் குறைத்து வைத்துவிட்டேன். "மச்சான், இது ஆஸ்பத்திரி கொழம்பா?" என்றார் சேகர். அந்தக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது. காட்டுமன்னார்கோயிலில் அவருடைய பெரியப்பா முறை ஒருவர் இறந்துவிட்டார்.

அந்தப் பெரியப்பாவோடு இவர்களுக்குப் பல வருஷமாகப் பேச்சே இல்லை. வயல் வரப்பில் ஏதோ தகராறு. கல்யாணத்துக்கு அவர் வரவில்லை, குழந்தை பிறந்ததற்கு வரவில்லை. ஆனால் பங்காளி. உயிரோடு இருந்தவரைக்கும் ஒட்டாத உறவு, செத்ததும் தீட்டாக வந்து ஒட்டிக்கொண்டது. குலதெய்வக் கோயில் பூசாரிக்குப் போன் போட்டுக் கேட்டார் சேகர். கருமாதி முடியாமல் பங்காளி வகையில் யாரும் கோயிலில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் கருமாதி. அதற்கப்புறம்தான் காதுகுத்து.

சேகரோடு நானும் துக்கத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் தப்பான காரியத்துக்குப் போகிறோமோ என்று இருந்தது. அந்த மனுஷனை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவர் பேரில் எனக்குக் கோபம் இருந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கக் கூடாதா? மாலை போட்டுவிட்டு நின்றபோது இப்படியா நினைப்பது என்று என்னையே திட்டிக்கொண்டேன். திரும்பி வருகையில் சிதம்பரம் டவுன் பஸ் வீராணம் ஏரிக்கரை மேல் நின்றுவிட்டது. மழை. டிரைவர் இறங்கி எதையோ தட்டினார். ஏரி நிறைந்து கிடந்தது. எனக்குப் பக்கத்து சீட்டில் அரிசி மூட்டையோடு இருந்த ஓர் அம்மா, நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து, எங்கே போகணும் என்று விசாரித்தார். அமெரிக்கா என்று வாயில் வந்துவிட்டது. "இந்த பஸ்ஸு சிதம்பரத்தோட சரி" என்றார் அவர்.

*

வியாழக்கிழமை காலை கலாவிடம் பேசினேன். சனிக்கிழமை கிளம்பிப் போய் வோட்டுப் போட்டுவிட்டு, அப்புறம் ஒருதடவை லீவு எடுத்து வருகிறேன் என்றேன். அந்த அப்புறம் எப்போது என்று எனக்கே தெரியாது. முதலாளி இந்த லீவையே பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தார்.

சேகருக்கு நான் சொல்வது வேடிக்கையாக இருந்தது. "ஒரு வோட்டு மச்சான். போன தடவ நான் பூத்துக்குப் போறதுக்கு முன்னாடியே எவனோ எம் பேர்ல போட்டுட்டுப் போயிட்டான். ஏஜெண்டு எங்கிட்டயே, நீங்க காலைலயே வந்தீங்களேன்றான். நான் என்னா செத்தா பூட்டேன்?" என்றார்.

மிசூரியின் கதையை அவருக்குச் சொன்னேன். நூறு வருஷமாக ஒரே ஒரு தடவைதான் தவறியிருக்கிறது என்றேன். "அப்போ நீ போவாட்டியும் அது கரீட்டாதான் போடும்" என்றார்.

கலா பாப்பாவின் சடையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ போண்ணே. இவ்ளோ முடிய வச்சிக்கினு ரோட்ல போனா, என்னா நேர்த்திக்கடன்னு கேக்குறாங்க. எங்க அண்ணனுக்கு லீவு இல்லன்னு சொல்றேன். இன்னும் ரெண்டு வருசம் சொல்லிக்கிறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

அண்ணாகிராமத்தில் எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான், முறைக்கு அவனும் தாய்மாமன்தான், அவன் மடியில் வைத்துக் குத்தலாமே என்று சேகர் யோசனை சொன்னார். கலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நான் இருந்துவிட்டேன். டிக்கெட்டை மாற்றினேன். முதலாளிக்குச் சொன்னேன், அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. டோரத்திக்குச் சொல்ல ஒருநாள் பூராவும் தள்ளிப்போட்டு, மறுநாள் கடைத்தெரு போன் பூத்தில் நின்று கூப்பிட்டேன். பங்காளி, தீட்டு, மடி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் இடையில் குறுக்கே பேசவில்லை. பயமாக இருந்தது, அவள் குறுக்கே பேசாமல் இருந்ததே இல்லை.

"காது எங்கேயும் போகாது. செவ்வாய்க்கிழமை போய்விடும்" என்றாள்.

பிறகு அவளே, "சரி, எங்கள் வீட்டிலும் சடங்கு என்றால் விடாத அத்தைகள் இருக்கிறார்கள். ஒருத்திக்காக என் அம்மா ஒரு வேலையையே விட்டாள். குழந்தைக்கு என் முத்தம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். போன் பூத்துக்காரர், கனெக்‌ஷன் கட்டாயிடுச்சா சார் என்று கேட்டார். இல்லை, முடிந்துவிட்டது என்றேன்.

*

நம் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் எதையும் தொடங்கமாட்டார்கள். அங்கே தலைவரையே அன்றைக்குத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். லீவும் கிடையாது. வேலைக்குப் போகிற வழியிலோ வருகிற வழியிலோ நின்று போட்டுவிட்டுப் போக வேண்டும். மை இல்லை, சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன ஸ்டிக்கர் தருவார்கள்.

இங்கே விளக்கேற்றுகிற நேரத்தில் மிசூரியில் வாக்குச்சாவடி திறக்கும். அன்றைக்கு நான் சிதம்பரத்துக்கு வந்திருந்தேன். காதுகுத்துச் சமையல் என் பொறுப்பு, கோயில் சிதம்பரத்திலிருந்து மேற்கே காட்டுமன்னார்கோயில் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் பாத்திரக் கடை, மளிகை, எல்லாம் பேசிவைக்க ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். சாயங்காலம் ஒரு கிளப்புக் கடையில் இட்லியும் கொத்சும் வாங்கினேன். சுட்ட கத்தரிக்காயின் புகைவாசம் அந்தக் கொத்சில் அப்படியே நிற்கும். அதை மிசூரிக் கத்தரிக்காயில் கொண்டுவர நான் எத்தனையோ தடவை முயற்சி செய்து தோற்றிருக்கிறேன். அன்றைக்கு இலையில் வைத்தபடியே ஆறிப்போனது. இந்நேரம் டோரத்தி வரிசையில் நின்றிருப்பாள்.

புதன்கிழமை காலையில் லாட்ஜ் வரவேற்பறை டிவியில் அந்தக் கறுப்பின வேட்பாளர் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். ரூம் பாய், கணக்குப்பிள்ளை, பல் துலக்கிக்கொண்டிருந்த மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர், எல்லோருக்கும் சந்தோஷம். யாரோ சொந்தக்காரர் ஜெயித்த மாதிரி மருந்துக் கம்பெனிக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் திரையில் அமெரிக்கப் படத்தைக் காட்டியபோது சிவப்பு, நீலம் என்று மாநிலங்களுக்கு வண்ணம் அடித்திருந்தார்கள். நடுவில் ஒன்றுக்கு மட்டும் எந்த வண்ணமும் இல்லை. அதன் உருவம் எனக்குத் தெரியும். எங்கள் ஓட்டல் மெனுவின் பின்பக்கம் அதே படம் அச்சடித்திருக்கும்.

வடக்கு வீதியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்துகிறவரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. எனக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் கிடையாது. மிசூரி என்னாச்சு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பாய் தட்டிப் பார்த்தார். இன்னும் எண்ணுகிறார்கள் என்றார்.

மறுநாளும் போனேன், அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மறுநாளும். வெங்காயம் எத்தனை கிலோ, அடுப்பு எத்தனை என்று பேசி முடித்துவிட்டு, மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். நாலைந்து நாளில் பாய்க்கே அது தொற்றிக்கொண்டது. நான் படியேறும்போதே உதட்டைப் பிதுக்குவார்.

"இன்னாண்ணே ஊரு அது? நம்ம மெஷின்ல காலைல ஆரம்பிச்சா மத்தியான பிரியாணிக்கு முடிச்சிட்டுப் போயிருவாங்க. அமெரிக்காக்காரன் ராக்கெட்டு வுடுறான், வோட்டு எண்ணத் தெரிலயா?" என்றார் ஒருநாள்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் சந்தேக வோட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள், வித்தியாசம் ரொம்பக் குறைவு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சேகர் ஒரு வோட்டு என்றாரே, அது சரிதான். ஆனால் என்னை மாதிரியே சித்தப்பா செத்தார், பஸ் நின்றது, பாப்பாவுக்கு ஜுரம் என்று அங்கே எத்தனை பேர் போகாமல் இருந்திருப்பார்கள்? எங்கள் எல்லோரையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தால் எத்தனை பந்தி வரும் என்று மனசு கணக்குப் போட்டது. சமையல்காரன் புத்தி.

*

கருமாதி முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. மழை விட்டிருந்தது, ஆனால் கோயிலுக்குப் போகிற மண்ரோடு சேறு. பாத்திரம் ஏற்றிவந்த வேன் பாதியில் புதைந்துபோய், அண்டாவை நாலுபேர் சுமந்துகொண்டு வந்தோம். தாய்மாமன் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அண்டா சுமப்பதைப் பார்த்துச் சேகரின் அத்தை ஒருத்தி, "சீர் வரிசை நல்லாத்தான் வருது" என்றாள்.

என் மடியில் பாப்பாவை உட்கார வைத்தார்கள். முடியிறக்கும்போதே அலறல். நான் சேர்த்துப் பிடித்தேன். அந்தக் குழந்தைக்கு என்னைத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், இந்த ஆள் வந்தான், முடி போச்சு என்பதுதான். பத்தர் இடது காதில் கம்பியைச் செருகினார். பாப்பா என் கையைக் கடித்துவிட்டு இறங்கி ஓடிக் கலாவின் புடவைக்குள் புகுந்துகொண்டது. எவ்வளவு இழுத்தும் மறுபடி என் மடிக்கு வரவில்லை. பத்தருக்கு அடுத்த ஊரில் வேலை இருந்தது. பூசாரி, ஒரு காது மாமன் மடியில் குத்தியாச்சு, அது போதும், சாங்கியம் முடிஞ்சுது என்றார். வலது காதைக் கலாவின் மடியில் வைத்தே குத்தினார்கள்.

கலா அழுதுகொண்டே சிரித்தாள். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசினாள். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது என்னிடம் வந்து, கடித்த இடத்தில் மஞ்சள் வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "நீ இருந்தியேண்ணே, அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு ரசவாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் அப்படிச் சொன்னது நிஜம். அந்த நிமிஷத்தில் எனக்கும் போதுமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முன்னால் வாடகைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சிதம்பரம் வந்தேன். பிரவுசிங் சென்டர் படியில் ஏறினேன். பாய் உதட்டைப் பிதுக்கவில்லை. வாங்கண்ணே, உக்காருங்க என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதிலேயே தெரிந்துவிட்டது.

"எண்ணி முடிச்சிட்டாங்க. ஒங்க ஊரு அவருக்குப் போடல" என்றார். திரையைப் பார்த்து எண்ணைப் படித்தார். முப்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வோட்டில் வித்தியாசம் நாலாயிரம்கூட இல்லை. "நம்ம ஊருக்குச் சொன்னா நாலு பூத்து. அதுக்கு மேல ஜாஸ்தி இல்லண்ணே" என்றார்.

1956க்கு அப்புறம் மிசூரி தவறியது அந்தத் தடவைதான். நாடு அவரை எடுத்துக்கொண்டது, மிசூரி வேண்டாம் என்றது. டோரத்தி பயந்தது எப்படியோ அப்படியே. பாய் அன்றைக்குக் காசு வாங்கமாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன், தேர் நிற்கிற தேர்முட்டிப் பக்கம் எதிரில் வருகிறவர்களை எல்லாம் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

*

திரும்பி வேலைக்குப் போன அன்று டோரத்தி பாப்பாவின் மொட்டைத் தலைப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். என்னிடம் இருந்த படத்தைக் காட்டினேன். அழகு என்றாள். வோட்டுப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். அந்தச் சிரமத்தையும் அவளுக்குக் கொடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். இப்போது அது தப்பு என்று தோன்றுகிறது. மிசூரியின் பெருமைக் கதைகளை அதற்குப் பிறகு அவள் கல்லாவில் யாருக்கும் சொல்லி நான் கேட்கவில்லை. ரயில் நிலையப் படத்துக் கதையைக்கூட. இரண்டு வருஷம் கழித்து அவள் ஆற்றைத் தாண்டிப் பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோனாள். அங்கே வாடகை குறைவு என்றாள்.

2012இல் நான் போனேன். காலையில் கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். எனக்கு முன்னால் ஆறேழு பேர்தான். அந்தத் தடவை எங்கள் வீட்டுக் கதவை எந்தக் கட்சிக்காரரும் தட்டவில்லை. மிசூரி எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அன்றைக்கே முடிவு வந்தது. லட்சக்கணக்கில் வித்தியாசம். நாடு மறுபடி அவரையே எடுத்துக்கொண்டது, மிசூரி மறுபடி வேண்டாம் என்றது.

மறுநாள் டோரத்திக்குப் போன் போட்டு, வோட்டுப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"இப்போதா?" என்றாள். கோபமாக இல்லை, கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசாமல், உன் தங்கை மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். ஏழு வயசு, பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன். அவள் காதில் என்ன போட்டிருக்கிறாள் என்று கேட்டாள்.

அந்தக் காதுகுத்துக்குப் பிறகு நான் ஊருக்குப் போகவே இல்லை. தெரியாது என்று சொன்னேன்.